ஆந்தையின் ஆபீஸ்

எங்கள் கோவில்பட்டியில் ஒருத்தி ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொன்னால், டைப் அடிக்கத் தெரியுமா என்று யாரும் அவளிடம் கேட்க மாட்டார்கள். ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். நான் பதினாலு வருஷமாக ஆபீஸுக்குப் போகிறவள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். வெளியூர்க்காரர்கள் பிறகு முழிக்கக் கூடாது.

என் பெயர் சுதாராணி. என் அக்கா பேபி. அது செல்லப் பெயர் இல்லை, ரேஷன் கார்டிலேயே பேபிதான். தொண்ணூற்று மூன்று கோடையில் அவள் பன்னிரண்டாவது பாஸ் ஆனாள், நான் பத்தாவது பாஸ் ஆனேன். அவளுக்குத் திருநெல்வேலியில் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது. எனக்குக் கல்யாணசுந்தரி டீச்சர் பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கி, பாதியைத் தானே நிரப்பியும் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது மார்க் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த வருஷம்தான், ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்குத் தீக்குச்சி மருந்து வாடை நெஞ்சில் ஏறி இளைப்பு வந்தது. இனி ஆபீஸ் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவருக்குப் பஞ்சு மில்லில் வேலை. சீசன் முடிந்தால் வீட்டில்தான் இருப்பார். "ரெண்டு பேர்ல ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தி அம்மா எடத்துக்கு ஆபீஸுக்குப் போகட்டும். யாருன்னு யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் நானும் அக்காவும் ஒரே பாயில்தான் படுத்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பொம்மைப் படம் வந்தது.

எங்கள் தெருவில் இசக்கிதுரை அண்ணாச்சி தன் மகனுக்குக் காது குத்தினார். அந்த விசேஷத்துக்கு ஹுமாயூன் பாய் கடையிலிருந்து கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆபீஸ் லீவு, தெருவே சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சி கேட்டது ஒரு மாயாஜாலப் படம். கேசட் அட்டையிலும் மாயாஜாலம்தான் இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு. போட்டால் மரப்பொம்மைகள் வருகின்றன, வாய் திறந்து என்னவோ பேசுகின்றன, பாடுகின்றன. அது இங்கிலீஷும் இல்லை, இந்தியும் இல்லை. எந்த ஊர்ப் பேச்சோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே மட்டும் இங்கிலீஷ் எழுத்து ஓடியது.

அண்ணாச்சி பாயைத் திட்டித் தீர்த்துவிட்டு டி.வி.யை அணைக்கப் போனார். பொம்மைகளின் அழகைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் விடவில்லை. அப்போதுதான் ஐயா எழுந்து, "ஏட்டி பேபி, நீ முன்னால போயி அந்த எழுத்தை வாசிச்சுச் சொல்லு. பன்னெண்டு படிச்சிருக்கல்லா" என்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் மகளை எழுப்பிவிட்ட பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

அக்கா டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அந்த எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. என் கண்ணில் கோளாறு என்பது அப்போது எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு என்பதால் தப்பித்திருந்தேன். கண்ணாடி போட்டதே இருபத்தைந்து வயதில்தான்.

"கடலுக்கு அடியில ஒரு ஊரு" என்று அக்கா ஆரம்பித்தாள். "இவிய ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. இந்த ஊருக்கே ஒத்த விளக்குதான். அது அணைஞ்சா எல்லாரும் வெறும் கட்டையாப் போயிருவாவ." வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு பெரிய நாரை வருமாம். அதன் முதுகில் ஒருத்தர்தான் ஏறலாமாம். அது அவரை மேலே, வெளிச்சம் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோகுமாம். அந்தப் பொம்மைகளுக்குக் கண் இமைகூட அசைந்தது.

அடுத்து மூக்குக் கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் தங்கைப் பொம்மை ஒரு நீளமான சட்டத்தில் மெல்லிசான குச்சிகளை வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆபீஸ்" என்றாள். "இது ஆந்தையோட ஆபீஸ்."

தெரு கொல்லென்று சிரித்தது. "அட பாதகத்தி, கடலுக்கு அடியிலயும் தீப்பெட்டி ஆபீஸ்தானா" என்றாள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் மதினி. "பாரு, நம்மள மாதிரியே குச்சி அடுக்குது." ஆந்தை எங்கள் கணக்கப்பிள்ளை மாதிரியே முழிக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அது வேற்று ஊர்ப் படமாக இல்லை, எங்கள் படம் ஆகிவிட்டது. அக்காவுக்கும் வாய் சரளமாக வந்துவிட்டது. நிறுத்தாமல் சொன்னாள்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. ஜன்னலில் நாரை வந்து நிற்கிறது. அக்காப் பொம்மை அதன் முதுகில் ஏறுகிறது. தங்கைப் பொம்மை கீழே நின்று, கையை நீட்டிப் பாடுகிறது. ஒரு குழலும் ஒரு சின்ன மணியும்தான், வேறு வாத்தியம் இல்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அந்த மெட்டிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்த அக்கா அங்கே நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "தங்கச்சிக்காரி சொல்லுதா. நீ போ அக்கா. ஆபீஸையும் வீட்டையும் நான் பார்த்துக்கிடுதேன். நீ போயி வெளிச்சம் கொண்டுட்டு வா."

அந்த வரி ஐந்து தடவை வந்தது. ஐந்து தடவையும் அக்கா அதையே சொன்னாள். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் ஏங்கி ஏங்கி அழுதேன்.

கடைசியில் நாரை திரும்பி வந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை. "அக்காக்காரிய எங்கட்டி காணோம்" என்று ஆறுமுகத்தாய் மதினி கேட்டாள். "சிறகுக்குள்ள உறங்குதா. கையில வெளிச்சம் வச்சிருக்கா" என்றாள் அக்கா. எங்களுக்கெல்லாம் அப்போதுதான் உயிர் வந்தது.

அன்று சாயங்காலமே ஐயா முன்னால் போய் நின்றேன். அவர் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பொம்மை சொன்னதை அப்படியே சொன்னேன். "அக்கா போகட்டும்யா. ஆபீஸையும் வீட்டையும் நான் பார்த்துக்கிடுதேன்." ஐயா என்னை வெகுநேரம் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா" என்றார். "நெசமாத்தான்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். அடுப்படியில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. மறுநாள் விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கல்யாணசுந்தரி டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன். "கிறுக்கி" என்று மட்டும் சொன்னார்.

அக்கா படித்தாள், டீச்சரானாள், இப்போது பசுவந்தனையில் வேலை. பொங்கலுக்கு வருவாள், சேலை எடுத்துத் தருவாள், மறுநாள் போய்விடுவாள். நான் ஆபீஸுக்குப் போனேன். எனக்குக் கல்யாணம் ஆனது, ஜெயப்பிரியா பிறந்தாள், அம்மா போய்ச் சேர்ந்தாள், ஐயா என்னோடு இருக்கிறார். இதில் ஒன்றுக்கும் நான் மூக்கைச் சிந்தியது கிடையாது. ஆபீஸில் என் வயதுப் பெண்கள், "எங்கப்பன் என்னைப் படிக்க விடல, இங்கன கொண்டாந்து தள்ளிட்டான்" என்று புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பல் கிடையாது. என்னை யாரும் தள்ளவில்லை. நானே கொடுத்துவிட்டு வந்தவள். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். குச்சி அடுக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முனகுவேன். பொம்மைப் படத்துக் கதையை எங்கள் ஆபீஸில் கேட்காத ஆள் இல்லை. ஜெயப்பிரியாவுக்கு அதைச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன்.

போன மாதம், அதாவது இரண்டாயிரத்து ஏழு ஆடியில், ஹுமாயூன் பாய் கடையில் பழைய கேசட்டுகளையெல்லாம் சி.டி.யாக மாற்றிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "அந்தப் படத்தைக் கேட்டு வாரது இந்த ஊர்லயே நீ ஒருத்திதாம்மா. அன்னைக்கு மாத்திக் குடுத்ததுக்கு இசக்கிதுரை என்னை நாறடிச்சுட்டாரு" என்று சிரித்தார். இருந்தாலும் தேடி எடுத்து, சி.டி. போட்டுக் கொடுத்தார். கோவில் பிரசாதத்தைக் கொண்டுவருவது போல வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயா உள்ளே படுத்திருந்தார். நானும் ஜெயப்பிரியாவும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். அவளுக்கு ஒன்பது வயது, இங்கிலீஷ் மீடியத்தில் நாலாம் வகுப்பு. அதற்காகத்தான் நான் ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல் ஆபீஸுக்குப் போகிறேன். படம் ஓட ஆரம்பித்ததும், "இதுதான் கடலுக்கு அடியில இருக்கிற ஊரு" என்றேன்.

"கடல் இல்லம்மா. மலைக்குள்ள இருக்காங்க. கீழ போட்டிருக்கு."

"வாயை மூடிட்டுப் பாரு."

ஆந்தை வந்தது. "இதுதான் ஆந்தையோட தீப்பெட்டி ஆபீஸ்" என்றேன். அவள் சிரித்தாள். "ஐயோ அம்மா, அது தாசில்தார் மாதிரி. 'என் ஆபீஸை விட்டு வெளிய போ'ன்னு திட்டுது. அது குச்சியும் இல்ல. ஊதுற குழல். அந்தப் பொண்ணு பாட்டுப் பெட்டி செய்யுறா."

எனக்குக் கோபம் வந்தது. "பெரியம்மா டீச்சராக்கும். அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ" என்றேன். பிள்ளை முகம் சுருங்கியது. பிறகு அந்தப் பாட்டு வந்தது. குழலும் மணியும். பதினாலு வருஷம் கழித்துக் கேட்கிறேன். "இப்ப தங்கச்சி என்ன சொல்லுதா தெரியுமா" என்று ஆரம்பித்தேன். ஜெயப்பிரியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்போதுதான் நானும் எழுத்தைப் பார்த்தேன். இப்போது என்னிடம் கண்ணாடி இருந்தது.

டேக் மீ வித் யூ.

நான் பத்தாவதில் இங்கிலீஷில் எழுபத்தெட்டு வாங்கியவள். அதற்கு அர்த்தம் சொல்ல எனக்கு யாரும் வேண்டாம். என்னையும் உன்கூடக் கூட்டிட்டுப் போ. பின்னால் போக வைத்து மறுபடியும் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். ஐந்து வரியும் அதே நாலு சொல்தான். தங்கைப் பொம்மையின் முகத்தை இத்தனை வருஷமாகக் கொடுக்கிறவள் முகம் என்று நினைத்திருந்தேன். அது கெஞ்சுகிற முகம். அக்காப் பொம்மை பதிலே சொல்லாமல் ஏறிப் போகிறது. கடைசியில் நாரை வெறும் முதுகோடு வருகிறது. சிறகுக்குள் எவளும் உறங்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பசுவந்தனை பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழைக்கு முன் உழுது போட்ட கரிசல். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டோடு வெளியே ஓடின. அக்கா வகுப்பில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னட்டி இந்த நேரத்துல? ஐயாவுக்கு என்ன?"

"ஐயாவுக்கு ஒண்ணுமில்ல. பொம்மைப் படம் பார்த்தேன்."

எந்தப் பொம்மைப் படம் என்று அவள் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாரு வாசிச்சா?"

"எம் மவ."

சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினாள். பிறகு சொன்னாள்: "எனக்கு அன்னைக்கு வாசிக்கத் தெரியலட்டி. ஒரு சொல்லைப் பிடிக்கதுக்குள்ள அது ஓடிப் போயிருது. ஐயா அத்தனை பேருக்கு முன்னால எழுப்பி விட்டுட்டாவ. தெரியலன்னு எப்படிச் சொல்ல? பன்னெண்டு படிச்சும் இதுகூடத் தெரியலையான்னு என்னை ஆபீஸுக்கு அனுப்பியிருப்பாவ. ஆபீஸ்னு ஒரு சொல்லு கண்ணுல பட்டுது. அதைப் புடிச்சுக்கிட்டேன். மிச்சமெல்லாம் பொம்மை வாயைப் பார்த்து எடுத்து விட்டதுதான்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு தெருவுக்கே காதில் பூ சுற்றியிருக்கிறாள். பதினெட்டு வயதுப் பிள்ளை, பயத்தில் உளறியிருக்கிறது. அதோடு எழுந்து வந்திருந்தால் என் கோபம் பஸ் ஏறுவதற்குள் ஆறியிருக்கும். சும்மா இருந்த சங்கை நான்தான் ஊதிக் கெடுத்தேன்.

"அந்தப் பாட்டு?" என்றேன்.

அவள் பெஞ்சில் கிடந்த சிலேட்டை நேராக வைத்தாள்.

"அதுவும் ஓடிப் போச்சா? அஞ்சு தடவ வந்துச்சு. நாலு சொல்லு. நாலாங்கிளாஸ் பிள்ளை வாசிக்கி. நீ நாலாங்கிளாஸுக்குத்தான பாடம் எடுக்க?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அது தெரிஞ்சுது. அது ஒண்ணு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சா?"

"நீ பின்னால உக்காந்து அழுதுட்டு இருந்த. ஐயா படத்தைப் பார்க்கல, உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாவ. உன்னைத்தான் படிக்க அனுப்புவாவன்னு பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

கத்த வேண்டும் போலிருந்தது, வெளியே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. என்னை நானே கொடுத்தேன் என்று நினைத்து இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே, கொடுக்கவில்லை. பிடுங்கியிருக்கிறாள். அதையும் என் வாயாலேயே தானம் பண்ண வைத்துப் பிடுங்கியிருக்கிறாள். கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்தவள். ஆபீஸில் புலம்புகிற அத்தனை பேரையும்விட நான்தான் பெரிய இளிச்சவாயி. அவர்களுக்காவது தங்களைத் தள்ளிவிட்ட ஆள் யாரென்று தெரியும்.

மன்னித்துக்கொள் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயாகிட்ட மட்டும் சொல்லிராதட்டி. வயசான காலத்துல அவிய தாங்க மாட்டாவ" என்றாள்.

"அவிய தாங்குவாவ. உனக்குத்தான் தாங்காது" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஐயா கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். செருப்பைக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம். சொன்னதையே இரண்டு தடவை, மூன்று தடவை, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறுமுகத்தாய் மதினி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐயா கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். பேபியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அவள் பெயரையே எடுக்கவில்லை.

"உன்னைத்தான் படிக்க அனுப்பணும்னு நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன், தாயி. மார்க்கு உனக்குத்தான கூட. அன்னைக்குச் சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன். நீயா வந்து, அக்கா போகட்டும்ன. நெசமாத்தானான்னு கேட்டேன். நெசமாத்தான்ன. சரி, பிள்ளைக்குப் படிப்புல இஷ்டமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். "இஷ்டம் இருந்துச்சுய்யா" என்றேன்.

"என்ன?"

"படிக்கணும்னு எனக்கு இஷ்டம் இருந்துச்சுய்யா."

"கேக்கல தாயி, உரக்கச் சொல்லு" என்று காதை என் பக்கம் சாய்த்தார்.